பேஸ்மட்டத்தோடு நின்றுபோன வீடு

வேத பாடம்: எபிரெயர் 5:11 முதல் 6:3 வரை

இந்தப் பாடத்தை வாசிக்கும்முன் வேதாகமத்தைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன பகுதியை ஒருமுறை சத்தமாக வாசித்துவிட்டுப் பிறகு இங்கே வாருங்கள். நான் எழுதுவதைவிட அது முக்கியம்.

திருமங்கலத்திலிருந்து கள்ளிக்குடி பக்கம் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகப் பாருங்கள். காலிமனைகளில் சில வீடுகள் பேஸ்மட்டத்தோடு நின்றுபோயிருக்கும். கருங்கல் கட்டி, மண் நிரப்பி, அழகாக மட்டம் பார்த்து முடித்திருப்பார்கள். ஆனால் சுவர் இல்லை, கூரை இல்லை. உள்ளே கருவேலம் முளைத்து ஆள் உயரத்துக்கு நிற்கும். ஆடு படுத்திருக்கும். வருஷா வருஷம் சொந்தக்காரர் வந்து கருவேலத்தை வெட்டிவிட்டுப் போவார். மறுபடியும் முளைக்கும். கட்டத் தொடங்கி முடிக்கமுடியாமல் போனவனை ஊரார் பரிகாசம் பண்ணுவார்கள் என்று ஆண்டவர் சொன்னது (லூக்கா 14:28-30) அப்போது என் நினைவுக்கு வரும்.

அதே ரோட்டில் இன்னொரு வகை வீடும் உண்டு. மாடி இருக்கும், பெயிண்ட் இருக்கும், வாசலில் கிரில் கேட் இருக்கும். கிட்டே போய்ப் பார்த்தால் லிண்டலுக்கு மேலே கோணலாக ஒரு வெடிப்பு ஓடும். காரணம் அது கரிசல் மண். மழை பெய்தால் உப்பும். கோடையில் சுருங்கி, கை போகிற அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். அந்தப் பக்கத்துக் கொத்தனார் ஒருவர் என்னிடம் சொன்னார்: "ஐயா, கரிசலை மேலாகப் பாத்து ஏமாறக் கூடாது. கெட்டித்தரை தட்டுற வரைக்கும் வானம் தோண்டணும். வானத்துல மிச்சம் புடிச்சவன் செவத்துல செலவழிப்பான்."

அஸ்திவாரக் குழிக்குக் கொத்தனார்கள் வைத்திருக்கிற பேர் 'வானம்'. பூமிக்குள் தோண்டுவதற்குப் பேர் வானம்! நல்ல பேர்தான். இரண்டு வீடுகளின் உவமையை மத்தேயுவும் எழுதுகிறார், லூக்காவும் எழுதுகிறார். ஆனால் புத்தியுள்ளவன் ஆழமாகத் தோண்டினான் என்று சொல்லுகிறவர் லூக்கா மாத்திரமே (லூக்கா 6:48).

அஸ்திபாரம் போட்டு அதிலேயே நின்றுவிடுகிறது ஒரு ஆபத்து. அஸ்திபாரம் இல்லாமல் மாடி கட்டுகிறது இன்னொரு ஆபத்து. நம் சபைகளில் இரண்டும் இருக்கிறது. சொல்லப்போனால் ஒரே ஆளிடத்தில் இரண்டும் இருக்கிறது!

என் தப்பை முதலில் சொல்லுகிறேன்

வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ முடித்து வந்து, பகலில் வேலை, சாயங்காலம் ஊழியம் என்று ஆரம்பித்த நாட்கள். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், மாதம் ஒரு முழு இரவு ஜெபம் வைத்தோம். கர்த்தர் அபிஷேகத்தை ஊற்றினார். கூட்டம் பெருகியது. புதன்கிழமை வேதபாடமும் வைத்தேன். நாற்பது பேர் வந்த இடத்தில் பதினைந்து பேராகி, பிறகு ஏழு பேரானார்கள். "ஜனங்களுக்கு அக்கினிதான் வேணும், பாடம் வேண்டாம் போல" என்று நினைத்து அதை நிறுத்திவிட்டேன். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

எங்கள் சபையில் பூ கட்டி விற்கிற ஒரு தாயார் இருந்தார்கள். விடியற்காலையில் மார்க்கெட்டுக்குப் போய் மல்லிகைப் பூ வாங்கிவந்து, கட்டிக்கொண்டே ஜெபிக்கிறவர்கள். நல்ல அபிஷேகம். உபவாச ஜெபத்தில் முதல் ஆளாக வந்து உட்காருவார்கள். அவர்களுக்குச் சர்க்கரை வியாதி. ஒரு கன்வென்ஷனுக்கு வெளியூர் ஊழியர் ஒருவரை அழைத்தோம். அழைத்தது நான்தான். அவர் தாயாரின் தலையில் கைவைத்து, "சுகமாயிற்று! இனி மாத்திரையைத் தொட்டால் அது அவிசுவாசம்" என்று சொன்னார். கூட்டம் முழுக்க அல்லேலூயா என்று ஆர்ப்பரித்தது. நானும் சொன்னேன்.

தாயார் வீட்டுக்குப் போய் மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டார்கள். நாலு மாதம் கழித்துக் காலில் ஒரு சின்னப் புண். அதுவும் விசுவாசத்தில் சரியாகிவிடும் என்று மறைத்துவிட்டார்கள். எங்களுக்குத் தெரியவரும்போது கால் கறுத்துவிட்டது. டாக்டர்கள் இரண்டு விரல்களை எடுத்து உயிரைக் காப்பாற்றினார்கள்.

ஆஸ்பத்திரி கட்டிலுக்குப் பக்கத்தில் நான் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். தாயார் என்னைத் திட்டவில்லை. மெதுவாகச் சொன்னார்கள்: "ஐயா, எனக்கு அந்நியபாஷை பேசத் தெரியும். ஆனா ஒருத்தர் மேடையில நின்னு பேசுறப்ப, அது கர்த்தர் பேசுறாரா, மனுஷன் பேசுறானான்னு நிதானிக்க எனக்கு யாரும் சொல்லித் தரலையே."

தேவபிள்ளைகளே, கர்த்தர் சுகமாக்குகிறவர். இன்றைக்கும் சுகமாக்குகிறார் என்று நான் விசுவாசிக்கிறேன். கண்ணால் பார்த்தும் இருக்கிறேன். ஆனால் எசேக்கியா ராஜாவுக்கு ஆயுசைக் கூட்டிக்கொடுத்த அதே தேவன், அத்திப்பழ அடையைப் புண்ணின்மேல் கட்டவும் அனுமதித்தார் (ஏசாயா 38:21). பவுல் அப்போஸ்தலன் தீமோத்தேயுவின் வயிற்றுக்கோளாறுக்கு ஆலோசனை சொன்னார், அவனை அவிசுவாசி என்று சொல்லவில்லை (1 தீமோ. 5:23). இந்த இரண்டு வசனங்களை அந்தத் தாயாருக்கு நான் சொல்லிக் கொடுத்திருந்தால் இரண்டு விரல்கள் மிஞ்சியிருக்கும். அந்தப் பாரத்தோடுதான் இந்தப் பாடத்தை எழுதுகிறேன்.

எபிரெயர் சபையின் நிலை

இந்த நிருபத்தைப் பெற்றவர்கள் நேற்று வந்த புதிய விசுவாசிகள் அல்ல. பாடுகளைச் சகித்தவர்கள், ஆஸ்திகளைப் பறிகொடுத்தும் சந்தோஷமாயிருந்தவர்கள் (10:32-34). அப்படிப்பட்டவர்களைப் பார்த்துத்தான், நீங்கள் இந்நேரம் மற்றவர்களுக்குப் போதிக்கிற நிலையில் இருக்கவேண்டியது, ஆனால் உங்களுக்கே மறுபடி அரிச்சுவடி சொல்லித்தரவேண்டியதாயிருக்கிறதே என்று எழுத்தாளர் துக்கப்படுகிறார். பால் குடிக்கிற பிள்ளைக்கும் பலமான ஆகாரம் சாப்பிடுகிறவனுக்கும் வித்தியாசம் என்ன? வயதா? வரங்களா? சத்தமா? இல்லை. 5:14ஐக் கவனியுங்கள். நன்மை எது தீமை எது என்று பகுத்தறியப் பழகினவனே தேறினவன். பழக்கம் என்ற வார்த்தை முக்கியம். அது ஒருநாள் இரவில் வருகிறதில்லை.

பால் கெட்டது அல்ல. குழந்தைக்குப் பால்தான் உயிர். ஆனால் மீசை முளைத்த மகன் பால்புட்டியோடு வாசலில் உட்கார்ந்திருந்தால் பெற்றவளுக்கு எப்படி இருக்கும்?

நம் பக்கத்தில் இறங்கின அக்கினி

எழுப்புதல் என்றதும் நாம் 1906ல் லாஸ் ஏஞ்சல்ஸின் அசுசா தெருவைச் சொல்லுகிறோம். கொஞ்சம் தெரிந்தவர்கள் 1905ல் புனேக்குப் பக்கத்தில் பண்டித ரமாபாய் அம்மையாரின் முக்தி மிஷனில் நடந்ததைச் சொல்லுவார்கள். அசுசாவுக்கு 46 வருஷத்துக்கு முன்பே, 1860ல், நம் தமிழ்நாட்டிலேயே அக்கினி இறங்கியது. அது எத்தனை பேருக்குத் தெரியும்?

ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் என்பவர் திருநெல்வேலிச் சீமையில் 1810ல் பிறந்தவர். பாளையங்கோட்டையில் இரேனியஸ் ஐயரின் பள்ளியில் வேதத்தைக் கற்றவர். பிறகு, பல் வைத்தியராயிருந்து மிஷனரியாகி 1833ல் இந்தியாவுக்கு வந்த அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்பவரோடு சேர்ந்து ஊழியம் கற்றார். மிஷன் சம்பளம் வேண்டாம், கர்த்தர் போஷிப்பார் என்று தீர்மானித்து, கிறிஸ்தியான்பேட்டை என்ற ஊரை மையமாக வைத்து கிராமம் கிராமமாக ஊழியம் செய்தார். அமெரிக்காவிலும் அயர்லாந்திலும் நடந்த எழுப்புதல் செய்திகளைக் கேட்டு, எங்களுக்கும் தாரும் ஆண்டவரே என்று ஜெபித்தார். 1860 மார்ச் மாதத்தில் ஆவியானவர் அசைவாடினார். ஸ்திரீகளும் பிள்ளைகளும்கூட பாவ உணர்வடைந்து கதறினார்கள். அந்நியபாஷை, தீர்க்கதரிசனம், தரிசனங்கள் எல்லாம் வெளிப்பட்டன. கூலி இல்லாமலே சாதாரண விசுவாசிகள் பக்கத்துக் கிராமங்களுக்குச் சுவிசேஷம் சொல்லப் புறப்பட்டார்கள்.

ஒரு காரியத்தைக் கவனியுங்கள். அக்கினி இறங்கினபோது அருளப்பனுக்கு வயது ஏறக்குறைய 50. அதற்கு முன்னே எத்தனையோ வருஷம் அவர் வேதத்தைத் தோண்டிக்கொண்டிருந்தார், ஜனங்களுக்கும் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். அக்கினிக்கு முன்னே அடுப்பு இருந்தது. 1867ல் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

அந்தப் பொறி 1873ல் திருவிதாங்கூருக்குப் போயிற்று. அங்கேயும் பாவ அறிக்கை, கண்ணீர், ஜெபம் என்று பெரிய அசைவு உண்டாயிற்று. அதில் முன்னணியில் நின்றவர்களில் ஒருவர் ஜஸ்டஸ் யோசேப்பு. வித்வான் குட்டி என்று ஜனங்கள் அழைத்தார்கள். தமிழ்ப் பிராமணக் குடும்பத்திலிருந்து இரட்சிக்கப்பட்டு, ஆங்கிலிக்கன் சபையில் குருவானவராயிருந்தவர். படித்தவர், பாடல்கள் இயற்றினவர். ஆனால் 1875 வாக்கில் அந்தக் கூட்டத்தில் ஒரு தீர்க்கதரிசனம் எழும்பியது: 1881ல் கர்த்தர் வருகிறார்! அதை நம்பித் தங்கள் சபைகளை விட்டுத் தனியாகப் பிரிந்தார்கள். 1881 வந்தது, போயிற்று. கர்த்தர் வரவில்லை. பலர் வெட்கத்தோடு பழைய சபைகளுக்குத் திரும்பினார்கள். ஒரு சிறு கூட்டம் புது விளக்கம் சொல்லிக்கொண்டு வேறு வழியில் போய்விட்டது.

அந்த நாளையும் நாழிகையையும் பிதாவைத் தவிர ஒருவரும் அறியார் என்ற உபதேசம் (மாற்கு 13:32) அவர்கள் வேதாகமத்திலும் அச்சிடப்பட்டுத்தான் இருந்தது. கண்ணீர் உண்மை, அக்கினி உண்மை. ஆனால் ஒரு மூலையில் கல் உறுதியாகப் பதியவில்லை. வெடிப்பு அந்த மூலையில்தான் விட்டது. அவர்களைக் குற்றப்படுத்த எழுதவில்லை. மாத்திரையை வீசச் சொன்னபோது அல்லேலூயா சொன்ன எனக்கு அந்தத் தகுதி இல்லை.

நம் மதுரைப் பக்கத்தில் இன்னொரு சரித்திரமும் உண்டு. 1834ல் அமெரிக்க மிஷன் மதுரைக்கு வந்தது. உபதேசியார்களைப் பயிற்றுவிக்க 1842ல் திருமங்கலத்தில் ஒரு செமினரி தொடங்கி, 1845ல் அதைப் பசுமலைக்கு மாற்றினார்கள். அப்படிப் படித்துவந்த உபதேசியார்கள் கிராமத்து ஜனங்களை உட்காரவைத்து வினாவிடை முறையில் உபதேசத்தைச் சொல்லிக் கொடுத்தார்கள். "வெறும் மனப்பாடம், ஆவி இல்லை" என்று நம் பெந்தெகொஸ்தே வட்டாரத்தில் நாம் அதைக் கேலிசெய்தது உண்டு. நானும் செய்திருக்கிறேன். ஆனால் அந்த உபதேசியாரிடம் கற்ற பாட்டிமார்களிடம் எந்த உபதேசத்தைக் கேட்டாலும் பதில் வரும். இன்றைக்கு நம் வாலிபரிடம் கேட்டால் பாட்டுதான் வருகிறது!

ஆறு கற்கள்

எபிரெயர் 6:1-2ல் ஆறு மூல உபதேசங்கள் உண்டு. அவற்றை இரண்டிரண்டாகப் பார்த்தால் மனதில் நிற்கும். முதல் இரண்டும் தேவனோடு நம் உறவு. நடு இரண்டும் சபையோடு நம் உறவு. கடைசி இரண்டும் வரப்போகிற காலம்.

1. செத்த கிரியைகளிலிருந்து மனந்திரும்புதல். மனந்திரும்புதல் என்றால் அழுகை மாத்திரம் அல்ல, திசை மாறுதல். சகேயு அழுததாக வேதத்தில் இல்லை. அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்க எழுந்து நின்றான் (லூக்கா 19:8). செத்த கிரியை என்றால் குடி, சூது மாத்திரம் என்று நினைக்காதீர்கள். ஜீவன் இல்லாத பக்திக் கிரியையும் அதுதான். ஆஜர் போடுவதற்காக வருகிற உபவாச ஜெபமும் செத்த கிரியையாகக் கூடும். கேள்வி: நான் இன்னும் திருப்பிக் கொடுக்காத கடன், கேட்காத மன்னிப்பு எது?

2. தேவன்மேல் வைக்கும் விசுவாசம். தேவன்மேல் என்பதை அடிக்கோடிடுங்கள். சுகத்தின்மேல் அல்ல, ஊழியக்காரர்மேல் அல்ல, என் விசுவாசத்தின் அளவின்மேலும் அல்ல. சூளைக்கு முன் நின்ற மூன்று வாலிபர்கள், தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர். அப்படி விடுவிக்காமல் போனாலும் சிலையை வணங்கமாட்டோம் என்றார்கள் (தானியேல் 3:17-18). அதுதான் கெட்டித்தரை. பூக்காரத் தாயார் மாத்திரையை எறிந்தது தேவன் சொன்னதினால் அல்ல. தேவன் சொன்னதாக ஒரு மனுஷன் சொன்னதினால். வித்தியாசம் நூலளவு, விழுந்தால் பள்ளம் ஆழம். கேள்வி: நான் கேட்டது கிடைக்காவிட்டாலும் ஆராதிப்பேனா?

3. ஸ்நானங்களைப்பற்றிய உபதேசம். இங்கே பன்மையில் சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். தண்ணீரில் எடுக்கும் ஞானஸ்நானம் பழைய மனுஷனின் அடக்க ஆராதனை (ரோமர் 6:3-4). பரிசுத்தாவியின் அபிஷேகம் சாட்சியாய் வாழப் பெலன் (அப். 1:5, 8). எபேசுவில் பன்னிரண்டு பேர்மட்டான சீஷர்களைப் பவுல் சந்தித்தபோது, அவர்களுக்கு ஆவியானவரைப்பற்றிக் கேள்விப்படவே வாய்ப்பு இருந்ததில்லை. பவுல் கடிந்துகொள்ளாமல் முதலில் விளக்கிச் சொன்னார், அதன்பின்பே அபிஷேகம் (அப். 19:1-7). உபதேசமும் அபிஷேகமும் எதிரிகள் அல்ல! கேள்வி: நான் ஏன் ஞானஸ்நானம் எடுத்தேன் என்று பக்கத்து வீட்டுக்காரருக்கு இரண்டு நிமிஷத்தில் சொல்ல வருமா?

4. கைகளை வைத்தல். ஆசீர்வதிக்கவும், சுகத்துக்காக ஜெபிக்கவும், அபிஷேகத்துக்காகவும், ஊழியத்துக்குப் பிரதிஷ்டை பண்ணவும் சபையில் கை வைக்கிறோம் (மாற்கு 16:18, அப். 8:17, 13:3). அதே வேதம், ஒருவன்மேலும் அவசரப்பட்டுக் கை வைக்காதே என்றும் எச்சரிக்கிறது (1 தீமோ. 5:22). மேடையை யாருக்குக் கொடுக்கிறோம் என்பதும் இதில் அடங்கும். என் தப்பு இந்தக் கல்லில்தான். பேர் பார்த்தேன், போஸ்டர் பார்த்தேன். அவர் சபையில் அவருக்கு என்ன சாட்சி என்று விசாரிக்கவில்லை. கேள்வி: என்மேல் கை வைக்கிறவர் யாருக்குக் கணக்கு ஒப்புவிக்கிறவர்?

5. மரித்தோரின் உயிர்த்தெழுதல். கிறிஸ்து எழுந்திராவிட்டால் நம் பிரசங்கம் வீண் என்று பவுல் வாதாடுகிறார் (1 கொரி. 15:12-20). இந்த உபதேசம் நெஞ்சில் இறங்கினவன் சாவு வீட்டில் நம்பிக்கையற்றவனைப்போல் புலம்பமாட்டான். அதே சமயம் தேதி குறிக்கிறவன் பின்னாலும் ஓடமாட்டான். நம் சரீரமும் மீட்கப்படப்போகிறது. ஆகையால் அதைப் பராமரிப்பது அவிசுவாசம் அல்ல. கேள்வி: வருகை இன்றைக்கு என்றாலும் இருபது வருஷம் கழித்து என்றாலும், என் நடக்கை ஒரேமாதிரி இருக்குமா?

6. நித்திய நியாயத்தீர்ப்பு. விசுவாசிகளாகிய நாமும் கிறிஸ்துவின் நியாயாசனத்துக்கு முன் நிற்கவேண்டும் (2 கொரி. 5:10). அஸ்திபாரம் கிறிஸ்துவே, அதின்மேல் நாம் கட்டுகிறது பொன்னா, வைக்கோலா என்று அக்கினி சோதிக்கும் (1 கொரி. 3:11-15). அன்றைக்குக் கூட்டத்தின் எண்ணிக்கை கேட்கப்படாது. என் கையில் ஒப்புவிக்கப்பட்ட அந்தப் பூக்காரத் தாயாரைப்பற்றிக் கேட்கப்படும். கேள்வி: என் கையில் கர்த்தர் ஒப்புவித்த ஆத்துமா யார்?

அதற்குமேல் கட்டுவது எப்படி?

இந்த ஆறும் அஸ்திபாரம்தான். மறுபடி மறுபடி இதையே போட்டுக்கொண்டிராமல் பூரணத்தை நோக்கிப் போகவேண்டும் என்பதே எழுத்தாளரின் புத்திமதி. "பாஸ்டர், நான் மறுபடியும் ஒப்புக்கொடுத்தேன்" என்று ஒவ்வொரு கன்வென்ஷனிலும் முன்னே வந்து, திங்கட்கிழமை பழைய வாழ்க்கைக்குத் திரும்புகிறவர், வருஷா வருஷம் கருவேலத்தை வெட்டுகிற வீட்டுக்காரர் மாதிரி. வெட்டுவது நல்லதுதான். ஆனால் சுவர் எழும்பினால் கருவேலத்துக்கு அங்கே இடமே இருக்காதே!

தேறினவர்களுக்கு மூன்று அடையாளங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, நிதானித்து அறிகிறார்கள். தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதும்போது, ஆவியை அவித்துப்போடவும் கூடாது, தீர்க்கதரிசனத்தை அற்பமாக எண்ணவும் கூடாது, எல்லாவற்றையும் சோதிக்கவும் வேண்டும் என்று மூன்றையும் சேர்த்தே எழுதுகிறார் (1 தெச. 5:19-21). சோதிப்பது அவிசுவாசம் என்றால் பெரோயா பட்டணத்தாரை வேதம் மெச்சியிருக்குமா (அப். 17:11)? அவர்கள் சோதித்தது அப்போஸ்தலனாகிய பவுலின் பிரசங்கத்தையே!

இரண்டாவது, அலைக்கழிக்கப்படமாட்டார்கள். குழந்தைகளாயிருக்கிறவர்கள் ஒவ்வொரு உபதேசக் காற்றுக்கும் அலைகிறார்கள் என்று எபேசியர் 4:14 காட்டுகிறது. இந்த மாதம் ஒரு ஊழியர், அடுத்த மாதம் இன்னொரு ஊழியர். முன்பு கேசட், இப்போது செல்போன்! காற்று மாறியிருக்கிறது, அலைகிறது மாறவில்லை.

மூன்றாவது, மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். கற்றதை உண்மையுள்ள மனுஷரிடம் ஒப்புவி என்று தீமோத்தேயுவுக்குக் கட்டளை (2 தீமோ. 2:2). பாஸ்டர் ஒருவரே கொத்தனார், மற்ற எல்லாரும் வேடிக்கை பார்க்கிறவர்கள் என்றால் வீடு எழும்பாது. சித்தாள் வேண்டும், கல் எடுத்துக் கொடுக்கிற கை வேண்டும்.

நாம் செய்யப்போவது

எங்கள் ஜெபவீட்டில் புதன்கிழமை வேதபாடத்தை மறுபடி தொடங்கி நடத்திவருகிறோம். முறை மிகவும் எளிது. உங்கள் சபைகளிலும் செய்யலாம். ஆறு உபதேசங்கள், ஒவ்வொன்றுக்கும் 2 வாரம், மொத்தம் 12 வாரம். முதல் வாரம் பாஸ்டர் சொல்லித் தருவார். அந்த வாரத்துக்குள் ஒவ்வொருவரும் வீட்டில் ஒருவருக்காவது அதைச் சொல்லிக் கொடுக்கவேண்டும். கணவருக்கோ, மருமகளுக்கோ, பேரப்பிள்ளைக்கோ. இரண்டாம் வாரம் வந்து, எங்கே திக்கிற்று, என்ன கேள்வி கேட்டார்கள் என்று சொல்லவேண்டும். பதில் தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று பாஸ்டரும் சொல்லலாம். தேடிவந்து அடுத்த வாரம் சொல்லலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கூச்சப்படவேண்டாம். வசனம் வாசித்துக் காட்டப் பக்கத்தில் ஒரு பிள்ளையை உட்காரவையுங்கள். பிள்ளையும் சேர்ந்து கற்றுக்கொள்ளும்.

உபவாச ஜெபத்தை நிறுத்தவில்லை. முழு இரவு ஜெபத்தையும் நிறுத்தவில்லை. அடுப்பு கட்டுகிறோம் என்று அக்கினியை அணைப்பாரா யாராவது?

முதல் புதன்கிழமை எத்தனை பேர் வந்தார்கள் தெரியுமா? ஒன்பது பேர். பழைய ஏழைவிட இரண்டு பேர் அதிகம்! அந்த ஒன்பதில் ஒருவர் நம் பூக்காரத் தாயார். ஊன்றுகோல் பிடித்துக்கொண்டு வந்தார்கள். 12 வாரம் முடிந்ததும் தன் தெருவில் பூ கட்டுகிற நாலு பெண்களை உட்காரவைத்துச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். ஒருநாள் நான் போனபோது இரண்டாவது கல் நடந்துகொண்டிருந்தது. கை பூவைத் தொடுத்துக்கொண்டே இருக்கிறது, வாய் சொல்லுகிறது: "யாரு வந்து என்ன சொன்னாலும் சரி, வேதத்துல எங்க இருக்குன்னு கேளுங்கடி. நம்ம பாஸ்டர் சொன்னாலும் கேளுங்க."

நான் வாசலிலே நின்று கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். அந்த வீட்டில் சுவர் எழும்புகிறது!

ஜெபம்

பரலோகப் பிதாவே, பேஸ்மட்டத்தோடு நின்றுபோன எங்கள் வாழ்க்கையைப் பாரும். ஆழமாய்த் தோண்ட எங்களுக்குப் பொறுமை தாரும். உமது ஆவியின் அக்கினியையும் உமது வேதத்தின் வெளிச்சத்தையும் ஒன்றாகத் தாரும். எங்கள் அறியாமையினால் காயப்பட்டவர்களைத் தேற்றும். மேய்ப்பர்களாகிய எங்களை மன்னியும். இயேசுவின் நாமத்தில் பிதாவே, ஆமென்.